குதிரையின் கண்ணில் காயம்

தரையில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண் கொண்டவற்றுள் குதிரையும் ஒன்று. தலையின் இரு பக்கமும் அது துருத்திக்கொண்டிருப்பதால், நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் உள்ள சிறு பகுதிகள் தவிர ஏறத்தாழச் சுற்றிலும் தெரியும். புல்வெளியில் உயிரைக் காக்கும் இந்த அமைப்பே லாயத்தில் வினையாகிறது. கதவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, முள்கம்பி, வேலிக்கருவை முள், உயரே வலைப்பையில் கட்டித் தொங்கவிட்ட உலர்புல்லின் நுனி என எது உரசினாலும் முதலில் கண்ணில் படும். சாட்டை நுனி பட்டுப் புண்ணாகும் கண்களும் உண்டு. அவற்றை விபத்துக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நீர் வடிவதும் கண் பாதி மூடியிருப்பதும் எவருக்கும் தெரியும். எளிதில் தவறிப்போகும் அடையாளம் மேல் இமை மயிர். நலமான கண்ணில் அது பக்கவாட்டில் நீட்டி நிற்கும். வலி இருந்தால் கீழே சாயும். சற்றுத் தள்ளி முகத்துக்கு எதிரே நின்று இரு கண்களையும் ஒப்பிட்டால் வித்தியாசம் புலப்படும். இமையை விரலால் வலிந்து திறக்கக் கூடாது. குதிரையின் இமைத் தசைக்கு வலு அதிகம். கருவிழி ஆழமாகக் கிழிந்திருந்தால் அந்த இழுபறியிலேயே கண் உடைந்துவிடக்கூடும். கால்நடை மருத்துவர்கள்கூடக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எலும்பின்மேல் ஓடும் நரம்பை ஊசியால் மரக்கச் செய்த பிறகே இமையைத் திறக்கிறார்கள்.

பிறகு ஃப்ளோரசின் சாயம் இடுவார்கள். கருவிழியின் மேல்தோல் முழுதாக இருந்தால் சாயம் வழிந்துவிடும்; உரிந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். இந்தச் சோதனைக்கு முன் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து எதையும் விடக் கூடாது. கண் சிவந்தது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மனிதர்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டொரு நாள் சிவப்பு குறையும், குதிரைக்காரர் நிம்மதியடைவார்; அதற்குள் உள்ளே பூஞ்சை வேர்விட்டிருக்கும். புகையிலைச் சாறு பிழிவதும் உப்புத் தூவுவதும் புண்ணை இன்னும் அரிக்கும். ‘பூ விழுந்த கண்’ என்று கைவிடப்படும் குதிரைகளில் எத்தனையோ, முதல் நாளே சரியான மருந்து கிடைத்திருந்தால் பார்வையோடு இருந்திருக்கும்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் அஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம் ஆகிய பூஞ்சைகள் குதிரையின் கருவிழிப் புண்ணில் எளிதில் தொற்றுகின்றன. தென்னிந்திய வயல்களில் வேலை செய்வோரின் கண்ணைக் கெடுப்பவையும் இவையே. அரவிந்த் கண் மருத்துவமனையில் மனித நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், நாட்டமைசின் சொட்டு மருந்து வோரிகோனசோலைவிட நல்ல பலன் தந்தது. ஃபியூசேரியம் தொற்றில் இது தெளிவாகத் தெரிந்தது. குதிரைகளுக்கும் இவ்விரு மருந்துகளும் பயன்படுகின்றன. எது பொருந்தும் என்பதைப் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்த மாதிரியைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். சில புண்களில் கிருமிகளும் உடலின் வெள்ளணுக்களும் விடும் நொதிகளால் கருவிழியே கரைந்து கூழாகத் தொடங்கும். அதைத் தடுக்க, அந்தக் குதிரையின் கழுத்துச் சிரையிலிருந்தே இரத்தம் எடுத்து, உறையவைத்து, மேலே தெளியும் சீரத்தைக் கண்ணில் விடுவதுண்டு. கரைக்கும் நொதிகளை முடக்கும் பொருள்கள் அதில் இயற்கையாகவே உள்ளன.

தீவிரப் புண்ணுக்கு இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைகூட மருந்து விடவேண்டி வரும். நானூறு, ஐநூறு கிலோ எடையுள்ள பிராணி மூன்றாம் வேளையிலேயே மருந்துப் புட்டியைக் கண்டதும் தலையைத் தூக்கிவிடும். இதற்கென்று அமைந்த ஏற்பாடு, குதிரை மருத்துவத்தின் அழகான யுக்திகளுள் ஒன்று. மெல்லிய சிலிக்கோன் குழாயை மேல் இமையினூடே செலுத்தி வெளியே எடுக்கிறார்கள். அதன் முனையிலுள்ள சட்டைப் பொத்தான் போன்ற வட்டத் தகடு இமைக்கு அடியில், கருவிழியில் படாதபடி, உயரே பதிந்திருக்கும். குழாய் நெற்றி வழியாக ஏறிக் காதுகளுக்கு இடையே சென்று, பிடரி மயிரோடு பின்னப்பட்டுக் கழுத்தடிவரை நீளும். அங்கே ஒரு மரக்குச்சியில் ஒட்டிய மூடியில் ஊசி குத்தி மருந்து செலுத்த வேண்டியதுதான். ஒரு வேளைக்கு 0.1 அல்லது 0.2 மில்லிலிட்டர் போதும். பின்னாலேயே ஒன்றிரண்டு மில்லிலிட்டர் காற்றை மெதுவாகத் தள்ளினால் மருந்து நகர்ந்து கண்ணில் சொட்டும். அவசரமாகத் தள்ளினால் கண்ணுக்குள் காற்று சீறிக் குதிரை மிரளும். இரு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிடமாவது விட வேண்டும். களிம்பை இதில் செலுத்த முடியாது. இமை திடீரென வீங்கினால் தகடு இடம் மாறியிருக்கலாம். கீழே இறங்கிய தகடு கருவிழியை உரசி இன்னொரு புண்ணை உண்டாக்கும் என்பதால் ஒவ்வொரு வேளையும் அதைக் கவனிக்க வேண்டும்.

உட்கண் தசையின் இறுக்கத்தையும் வலியையும் தணிக்க அட்ரோபின் தருவார்கள். அது குடலையும் மந்தமாக்கக்கூடியது. எனவே கண்ணுக்கு வைத்தியம் நடக்கும்போது லத்தியையும் கணக்குப் பார்க்க வேண்டும். லத்தி குறைந்தாலும், குதிரை தீவனத்தை ஒதுக்கினாலும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், அடுத்த வேளை மருந்துக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அட்ரோபினால் விரிந்த கண்பாவை பல நாள் அப்படியே இருக்கும், வெயில் தாங்காது. லாயம் நிழலாக இருப்பது நல்லது. உலர்புல்லை நனைத்துத் தரையில் போட்டால் தூசி பறக்காது. ஈயை விரட்டவும், முன்னங்காலில் கண்ணைத் தேய்ப்பதைத் தடுக்கவும் கண்ணுறை தேவை. அதை நாள்தோறும் கழற்றித் துவைக்காவிட்டால் உறையே அழுக்கு மூட்டையாகிவிடும்.

மேலோட்டமான சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறலாம். ஆழமான புண்ணுக்கு வாரக்கணக்காகும். கருவிழி ஓரத்திலிருந்து சிவந்த இரத்த நாளங்கள் புண்ணை நோக்கிப் படர்வது பெரும்பாலும் ஆறுதலின் அறிகுறி. அதைப் பார்த்துப் பதற்றப்பட்டு மருந்தை மாற்ற வேண்டியதில்லை. மறுபடி இட்ட சாயம் எங்கும் பிடிக்காதபோதுதான் குழாயை உருவுவார்கள். புண் இருந்த இடத்தில் வெண்தழும்பு எஞ்சலாம். பார்வை போய் வலி மட்டும் மிஞ்சும் கண்ணை அகற்றிவிடுவதே குதிரைக்கு இதம். ஒற்றைக் கண்ணோடு சவாரிக்குத் திரும்பிய குதிரைகள் நிறைய உண்டு. பார்வையற்ற பக்கமாக அணுகுபவர் முதலில் குரல் கொடுத்து, பிறகே கையை வைக்க வேண்டும். தீவனத் தொட்டியையும் தண்ணீரையும் வழக்கமான இடத்திலிருந்து மாற்றக் கூடாது.