பழைய ஃப்ளாஷ், புதிய கேமரா: பொருத்துமுன் அளந்து பாருங்கள்

அப்பாவோ மாமாவோ ஃபிலிம் காலத்தில் வாங்கிய ஃப்ளாஷ் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. நான்கு பேட்டரி போட்டால் மெல்லிய ஒலியுடன் விழித்துக்கொள்ளும். சற்று நேரத்தில் பின்புற விளக்கும் எரியும். சிங்கப்பூரின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் போன்ற இடங்களிலுள்ள பழைய கேமராக் கடைகளிலும் இத்தகைய ஃப்ளாஷ்கள் கிடைக்கின்றன. பல ஆயிரம் வெள்ளி கொடுத்து டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கிய இளையர்களுக்கு, இதையே பொருத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

பொருத்தலாம். ஆனால் அளந்து பார்க்காமல் பொருத்தக்கூடாது. அந்த ஃப்ளாஷின் அடிப்பாகத்தில் 200 வோல்ட்டுக்கும் அதிகமான மின்னழுத்தம் இருக்கக்கூடும்.

லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனிச் சாளரத்தில் தெரியும் இரண்டு உருவங்களை ஒன்றாக்கித் தூரத்தைக் கணிப்பதே ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. 2004இல் எப்சன் ஆர்-டி1, 2006இல் லைக்கா எம்8, 2009இல் லைக்கா எம்9 என இதன் டிஜிட்டல் வடிவங்கள் வரத் தொடங்கின. இவற்றில் உள்ளமைந்த ஃப்ளாஷ் கிடையாது. மேலே உள்ள ஹாட் ஷூவில் வெளி ஃப்ளாஷைத்தான் பொருத்த வேண்டும். அந்த இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது.

எங்கிருந்து வருகிறது 200 வோல்ட்?

ஃப்ளாஷின் உள்ளே சிறிய பேட்டரிகளின் மின்சாரம் ஏறத்தாழ 300 வோல்ட்டுக்கு ஏற்றப்பட்டு, மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. பழைய வடிவமைப்பில், ஒளியைத் தூண்டும் சுற்றின் உயர் மின்னழுத்தம் அப்படியே கேமராவின் தொடுமுனைக்கு வந்துவிடும். ஃபிலிம் கேமராவுக்கு அது பெரிய சிக்கல் இல்லை. அதற்குள் இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும், அவ்வளவுதான். டிஜிட்டல் கேமராவிலோ அந்த வேலையை நுண்ணிய மின்னணுச் சாதனம் செய்கிறது. அதிக மின்னழுத்தம் அதை உடனே கருக்கலாம். சில வேளைகளில் முதல் சில படங்கள் ஒழுங்காக வந்து, பிறகு ஒருநாள் ஃப்ளாஷ் தொடர்பு செயலிழந்து போகலாம். 'ஒருமுறை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது சோதனை ஆகாது.

பெயரை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. 1970களில் புகழ்பெற்ற விவிட்டார் 283 நல்ல உதாரணம். ஜப்பானில் தயாரான தொடக்ககாலப் பிரதிகள் பலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பின்னாளில் வந்தவற்றில் மிகக் குறைவு. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, ஆபத்து மட்டும் வேறு.

ஐந்து நிமிடச் சோதனை

தேவையானது ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர்.

1. பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். கசிவோ பச்சை நிறத் துருவோ இருந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

2. கேமராவில் பொருத்தாமலே புதிய பேட்டரி போட்டு, விளக்கு எரிந்த பிறகும் அரை நிமிடம் காத்திருங்கள்.

3. மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த அளவையில், 500 வோல்ட்டுக்குக் குறையாத எல்லையில் வையுங்கள்.

4. சிவப்பு முனையை ஃப்ளாஷ் அடியின் நடு ஊசியிலும், கறுப்பு முனையை ஓரத்து உலோகத்திலும் வையுங்கள். விரல் படக்கூடாது. இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் ஃப்ளாஷ் வெடித்து ஒளிரும். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கிடைத்த எண்ணைக் கேமராவின் கையேட்டில் உள்ள எல்லையுடன் ஒப்பிடுங்கள். கையேட்டில் எண் இல்லையென்றால், 6 வோல்ட்டுக்குள் இருப்பதே கவலையற்றது. எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் மின்முனைகள் தலைகீழாக உள்ளன என்று பொருள்; அதையும் பொருத்த வேண்டாம். வேறு நிறுவனக் கேமராவுக்கென்றே செய்யப்பட்டு, நடு ஊசியுடன் கூடுதல் ஊசிகளும் உள்ள ஃப்ளாஷையும் தவிர்ப்பது நல்லது.

எந்நிலையிலும் ஃப்ளாஷைப் பிரிக்காதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். அது கேமராவை மட்டுமல்ல, ஆளையும் தாக்கும்.

அதிக வோல்ட் என்றால்?

தூக்கிப் போட வேண்டாம். மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் வெயின் சேஃப் சிங்க் போன்ற இணைப்பியை இடையில் பொருத்தலாம். அல்லது சிறிய புதிய ஃப்ளாஷ் ஒன்றைக் கேமராவில் வைத்து, அதன் வெளிச்சத்தைக் கண்டு இயங்கும் ஒளி உணரியைப் பழையதில் மாட்டலாம். அப்போது இரண்டுக்கும் மின்தொடர்பே இல்லை. புதிய ஃப்ளாஷை மேனுவலில் வையுங்கள். தானியங்கி முறையில் அது முன்கூட்டியே ஒருமுறை மின்னி, பழையதை அவசரப்படுத்திவிடும்.

படம் எடுக்கும்போது

ஷட்டர் வேகம் எல்லையைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும். அந்த எல்லை எம்8இல் 1/250, எம்9இல் 1/180 நொடி.

வெளிச்சக் கணக்கு எளிது. ஃப்ளாஷின் வழிகாட்டி எண்ணைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸ் துளையின் எண் வரும். ஐஎஸ்ஓ 100இல் வழிகாட்டி எண் 32 என்றால், 4 மீட்டரில் நிற்பவருக்கு எஃப் 8. 2 மீட்டரில் எஃப் 16. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில் தூரம் மீட்டரிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், உருவங்களை ஒன்றாக்கியதும் விடை கையில் இருக்கிறது. வீட்டில் நடக்கும் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் போன்றவற்றுக்கு இந்த முறை தாராளமாகப் போதும்.

கடைசியாக ஒரு சிறு வேலை. அளந்த வோல்ட்டையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃப்ளாஷின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பது உங்கள் பிள்ளையாகவோ, இரவல் கேட்டு வரும் நண்பராகவோ இருக்கலாம். அவர்களிடம் மல்டிமீட்டர் இருக்காது.