வலி மாத்திரையும் வயிற்றுப் புண்ணும்

அரூர் பாலத்தைத் தாண்டி இடக்கொச்சிக்குள் நுழைந்தால் பள்ளுருத்தி, தோப்பும்படி, மட்டாஞ்சேரி வரை மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் தமிழர்கள் அங்கே கேட்டு வாங்கும் சரக்குகளில் ஒன்று வலி மாத்திரை. மூட்டை சுமப்பவருக்கு இடுப்பு வலி. கொத்து வேலைக்காரருக்குத் தோள் வலி. நின்றபடியே இறால் உரிப்பவருக்கு முழங்கால் வலி. நாள் முழுவதும் நாற்காலியில் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கோ கழுத்து வலி. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த மாத்திரை, எத்தனை நாள், எதனோடு சேர்த்து என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது.

கடையில் கேட்கும்போதே ஒரு சங்கடம் உண்டு. மலையாளத்தில் நோவுக்கு 'வேதனை' என்று பெயர். 'வலிவு' என்றாலோ மூச்சிழுப்பு. புதிதாக வந்தவர் "வலிக்கு மாத்திரை" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் விழிப்பார். இது வெறும் வேடிக்கை அல்ல. மூச்சிழுப்பு உள்ளவர்களில் சிலருக்கு இந்த வலி மாத்திரைகளே மூச்சுத் திணறலைக் கிளப்பிவிடும். ஆகவே "வேதனை" என்று கேட்பதோடு, இழுப்பு உண்டானால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை செய்வது என்ன?

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென் ஆகியவை வலியோடு வீக்கத்தையும் குறைப்பவை. உடம்பில் அடிபட்ட இடத்தில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் ஊறி நோவை உண்டாக்குகிறது. இவை அந்த ஊற்றை அடைக்கின்றன. 1971-இல் ஆஸ்பிரினை ஆராய்ந்து இதைக் கண்டு சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன். 1982-இல் வேறு இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் தடையின்றிப் பாயவும் உதவுகிறது. மாத்திரைக்கு இந்த வேற்றுமை தெரியாது. முழங்காலில் அடைப்பதை வயிற்றிலும் அடைத்துவிடும். இது ரத்தத்தின் வழியாக நடக்கும் வேலை. ஆகவே ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிறு தப்பிவிடும் என்ற நினைப்பு சரியல்ல.

காலையில் வெறும் வயிற்றில் கட்டன் சாயாவோடு மாத்திரையை விழுங்கி வேலைக்கு ஓடுவது கெட்ட பழக்கம். சாப்பிட்ட பின், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உடனே படுக்கக் கூடாது. வேலை முடிந்து ஷாப்பில் ஒரு கிளாஸ் கள்ளோ பிராந்தியோ குடிப்பவருக்கு ரத்தக் கசிவு அபாயம் இன்னும் கூடுகிறது. வெயிலில் வியர்த்துக் கொட்டத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர் மாத்திரையும் போட்டால் சிறுநீரகம்தான் பாடுபடும்.

இரண்டு பெயர், ஒரே மருந்து

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஒரு கடையில் வாங்கியது கேட்கவில்லை என்று அடுத்த கடையில் வேறு அட்டை வாங்குகிறார்கள். பெயர் வேறு, உள்ளே இருப்பது அதே இனம். காம்பிஃபிளாம் மாத்திரையில் 400 மில்லிகிராம் இபுப்ரோஃபெனும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கின்றன. அதன் மேல் டைக்ளோஃபெனாக் போட்டால் வலி இரு மடங்கு குறையாது; புண் வரும் வாய்ப்புதான் கூடும். பெரியவர்களுக்கு டைக்ளோஃபெனாக் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் மாத்திரை மூன்றைத் தாண்டக் கூடாது. டாக்டர் சீட்டின் பேரிலேயே விற்க வேண்டிய மருந்து அது. குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் நோவு தணியாவிட்டால் டாக்டரிடம் போவதே முறை. மாதக் கணக்கில் விழுங்குவதற்கு உரியது அல்ல.

மருந்து புதிது, உசத்தி என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. வயிற்றைக் கெடுக்காது என்று பெயர் வாங்கிய ரோஃபிகாக்சிப், மாரடைப்பை அதிகமாக்குவதாகத் தெரிந்து 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. நிமிசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கல்லீரலைக் கெடுக்கும் என்ற அச்சமே காரணம்.

காய்ச்சலில் கூடாது

கொச்சிக்காரர்கள் மறக்கக் கூடாத சங்கதி ஒன்று. மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்தால், சுமை தூக்கிய வலி என்று எண்ணி மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தேங்கிய நீரில் கால் வைத்தவருக்கு, காலில் புண் இருந்தால் நிச்சயமாக, அந்தச் சந்தேகம் வர வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் அது எவ்வளவு பரவிற்று என்பது பலருக்கும் நினைவிருக்கும். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். வலி மாத்திரை அதற்குத் துணை போகும். டெங்குவில் ரத்தக் கசிவு அபாயம். காய்ச்சல் இன்னதென்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டுமே போதும், அதுவும் அளவோடு.

வயிற்றுப்புண் வந்தவர்கள், ரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் தாமாக இவற்றைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும், முக்கியமாகப் பிந்திய மாதங்களில், ஆகாது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கென்று இங்கிருந்து அட்டை அட்டையாக வாங்கி அனுப்பும் பிள்ளைகளும் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலும், வாந்தியில் காப்பித் தூள் போலக் கண்டாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். சிறுநீர் குறைந்து கால் முகம் வீங்குவது இன்னொரு அறிகுறி. அப்போது மறுநாள் வரை காத்திருக்கலாகாது. இடக்கொச்சிப் பக்கத்தவர்களுக்குக் கருவேலிப்படி மகாராஜாஸ் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. போகும்போது மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் எடுத்துப் போக வேண்டும். "சிவப்பு மாத்திரை, கடையில் தந்தார்கள்" என்று சொன்னால் டாக்டர் எதைக் கண்டார்?