பாயின்ட்ஸை எடுத்துட்டா கேம் மிச்சம் இருக்குமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் லிஸ்ட் வந்தா, அதுல கண்டிப்பா ஒண்ணு இருக்கும்: பள்ளி மாணவர்களுக்கான கேமிஃபைடு லேர்னிங் ஆப். உள்ளே போய்ப் பார்த்தா பெரும்பாலும் ஒரே டிசைன்தான். நாலு ஆப்ஷன் உள்ள கேள்வி, சரியா சொன்னா 10 பாயின்ட், பத்து கேள்வி முடிச்சா ஒரு பேட்ஜ், கடைசியில ஒரு லீடர்போர்டு. ஸ்கிரீன்ல கலர் கலரா காகிதம் பறக்கும். ரிவ்யூ முடிஞ்சிடும்.

இப்போ அந்த ஆப்ல இருந்து பாயின்ட், பேட்ஜ், லீடர்போர்டு மூணையும் கழிச்சுப் பாருங்க. மிச்சம் இருக்கிறது நாம பத்தாவதுல உருட்டின அதே கொஸ்டின் பேங்க். பாடம் ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம்னு தனித்தனியா நிக்குது. ரெண்டும் ஒண்ணாவே இருந்தா என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்ணினவங்க இருக்காங்க. அதுல எனக்குப் பிடிச்சது ரொம்ப சாதாரணமான ஒரு அட்டை விளையாட்டு.

அமெரிக்காவுல கீதா ரமணி, ராபர்ட் சீக்லர்னு ரெண்டு பேர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு. வறுமையான குடும்பங்கள்ல இருந்து வர்ற, இன்னும் பள்ளியில சேராத குட்டிப் பசங்கதான் ஆடினவங்க. ஒரே வரிசையில 1 முதல் 10 வரை கட்டங்கள். சுழற்றினா 1 அல்லது 2 விழும், அவ்வளவு நகரணும். அவ்வளவுதான் கேம்! இன்னொரு குழுவுக்கும் அதே அட்டை, ஆனா எண்ணுக்குப் பதிலா வெறும் கலர். ரெண்டு வாரத்துல நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், இருபது நிமிஷம்தான் ஆடினாங்க. எண் அட்டையில ஆடின பசங்க எண்களை அடையாளம் காண்பது, எது பெருசுன்னு சொல்வது, ஒரு கோட்டுல எண் எங்கே வரும்னு காட்டுவதுன்னு எல்லாத்திலும் முன்னேறினாங்க. 9 வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணினப்பவும் அது நின்னுது. கலர் அட்டைக் குழுவுல அந்த முன்னேற்றம் இல்லை.

ஏன்? 8-ங்கிற கட்டத்துக்குப் போகணும்னா 4-க்குப் போறதை விட இரண்டு மடங்கு தூரம் காயை நகர்த்தணும், அதிக நேரம் ஆகும், அதிக எண்களை வாயால சொல்லணும். “8 பெருசு” என்பது கைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்துல தெரியுது. யாரும் அதைப் பாடமா சொல்லித்தரலை. கட்டங்களை வட்டமா அடுக்கிப் பார்த்தாங்க, நேர்கோடு அளவுக்குப் பலன் வரலை. அதே எண்கள்தான், அதே ஆட்டம்தான். போர்டோட வடிவத்தை மாத்தினதும் பாடம் கழன்டு போயிடுச்சு.

நம்ம வீட்டுப் பரமபதத்துக்கும் இது அப்படியே பொருந்தும். 37-ல காய் நிக்குது, தாயக்கட்டையில 5 விழுது. நாம எப்படி நகர்த்துவோம்? “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு”ன்னு எண்ணி 42-ல வைப்போம். இப்படி எண்ணினா குழந்தை கட்டத்துல இருக்கிற எண்ணைப் பார்க்கவே வேண்டாம். “38, 39, 40, 41, 42”ன்னு சொல்லி நகர்த்தினா பார்த்தே ஆகணும். 100 வரை உள்ள போர்டை வச்சு லாஸ்கியும் சீக்லரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுல, இந்த இரண்டாவது முறையில எண்ணின பசங்கதான் நல்லா கத்துக்கிட்டாங்க. செலவு பூஜ்யம். ஒரே ஒரு ரூலை மாத்தினா போதும்.

கொஞ்சம் பெரிய பசங்களுக்கும் இதே கதைதான். இங்கிலாந்துல ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வொர்த் ரெண்டு பேரும் ‘ஸோம்பி டிவிஷன்’னு ஒரு கேமை வச்சு 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. எதிர்ல வர்ற எலும்புக்கூடோட நெஞ்சுல ஒரு எண் இருக்கும். உங்ககிட்ட இருக்கிற ஒவ்வொரு ஆயுதமும் ஒரு வகுக்கும் எண். மீதியில்லாம வகுபடுற ஆயுதத்தால அடிச்சாதான் அது விழும். இதே கேம்ல இன்னொரு வெர்ஷனும் செஞ்சாங்க: சண்டையில கணக்கே கிடையாது, ஒவ்வொரு லெவல் முடிவுலயும் வகுத்தல் குவிஸ் வரும். நம்ம ப்ராஜெக்ட் ஆப் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒரே அளவு நேரம் ஆடினதுல, கணக்கு சண்டைக்குள்ளேயே இருந்த வெர்ஷன்ல பசங்க கூடுதலா கத்துக்கிட்டாங்க. எதை வேணும்னாலும் ஆடுங்கன்னு விட்டப்போ, அந்த வெர்ஷன்ல 7 மடங்கு நேரம் செலவழிச்சாங்க.

தப்பான பதிலுக்கு என்ன நடக்குதுன்னு பார்த்தாலே கேமோட தரம் தெரிஞ்சிடும்னு நான் நினைக்கிறேன். குவிஸ் ஆப்ல சிவப்பு பெருக்கல் குறி, ஒரு சோக சவுண்டு. அதுல இருந்து எதுவும் தெரியாது. தாமஸ் மலோன் 1981-ல் எழுதின கட்டுரையில ‘டார்ட்ஸ்’னு ஒரு பின்ன விளையாட்டை அலசியிருப்பார். எண்கோட்டுல பலூன்கள் இருக்கும், அதோட இடத்தைப் பின்னமா டைப் பண்ணணும், அம்பு அந்த இடத்துக்குப் பறக்கும். 1/4-னு அடிச்சு அம்பு பலூனுக்குக் கீழே குத்தினா, அடுத்து 1/3 போட்டுப் பார்ப்போம். பின்னத்துல கீழே இருக்கிற எண் சின்னதானா மதிப்பு கூடும்னு அந்தத் தப்பே சொல்லிடுது. (பலூன் வெடிக்கிறது பையன்களுக்குப் பிடிச்சது, பொண்ணுங்களுக்கு அவ்வளவா பிடிக்கலைன்னும் அதே ஆய்வுல இருக்கு. எல்லாருக்கும் ஒரே தீம் போடுறவங்க கவனிக்க.)

சரி, பாயின்ட்ஸ் போட்டா என்ன கெட்டுப் போச்சு? 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூணு பேரும் வெளியிட்ட பிரபலமான ஆய்வு ஒண்ணு. ஸ்கெட்ச் பேனாவால வரையறது ஏற்கெனவே பிடிச்சிருந்த நர்சரிக் குழந்தைகள்ல ஒரு குழுவுக்கு “வரைஞ்சா உனக்கு ரிப்பன் வச்ச சர்டிஃபிகேட் தருவேன்”னு முன்கூட்டியே சொன்னாங்க. ஒன்றிரண்டு வாரம் கழிச்சு, பரிசு எதுவும் இல்லாம அதே பேனாக்களை வகுப்புல வச்சப்போ, அந்தக் குழந்தைகள் வரைஞ்ச நேரம் மத்தவங்க வரைஞ்சதுல ஏறக்குறைய பாதிதான். சொல்லாம திடீர்னு பரிசு வாங்கின குழுவுக்கு இப்படி ஆகலை. முன்னாடியே பேரம் பேசினதுதான் பிரச்சனை. பிடிக்கவே பிடிக்காத வேலைக்கு, வாய்ப்பாடு மனப்பாடம் மாதிரி, பரிசு கொஞ்சம் தள்ளிவிடும்தான். ஆனா ஏற்கெனவே ஆசையா கதைப் புத்தகம் படிக்கிற குழந்தைக்குப் பக்கத்துக்கு 2 காயின்னு வச்சா, அது பக்கத்தைத்தான் எண்ணும்.

வேகத்துக்கு பாயின்ட் தர்றது இன்னொரு தலைவலி. கஹூட்ல சீக்கிரம் அழுத்தினா அதிக மார்க். படிச்சதை ஒரு தடவை புரட்டிப் பார்க்க அது ஜாலியா இருக்கும், வகுப்பே கத்தும். ஆனா யோசிச்சுப் பதில் சொல்ற பிள்ளைக்கு அங்க இடம் இல்லை. மூணாவது ரவுண்டுலயே தன் பேர் லிஸ்ட்ல வராதுன்னு தெரிஞ்சவன் ஏதோ ஒரு கலரை அழுத்திட்டு உட்கார்ந்திருப்பான்.

பல்லாங்குழி நல்லா ஆடுற பாட்டிகளைப் பார்த்திருக்கீங்களா? குழியில கை வைக்கிறதுக்கு முன்னாடியே கடைசி முத்து எங்கே விழும்னு மனசுல ஓட்டிப் பார்த்துடுவாங்க. அந்தக் கணக்கைப் போடலைன்னா தோத்துடுவாங்க, அதனால போடுறாங்க. கணக்கை எடுத்துட்டா அங்க விளையாட்டே கிடையாது.

அதனால இந்த செமஸ்டர்ல இப்படி ஒரு ஆப் செய்றவங்க, கோடு எழுதுறதுக்கு முன்னாடி சார்ட் பேப்பர்ல ஒரு வெர்ஷன் வரைஞ்சு பக்கத்து வீட்டுப் பசங்ககிட்ட கொடுங்க. ஸ்கோர் எழுதாதீங்க. “பிடிச்சிருக்கா, 1 முதல் 5 வரை சொல்லு”ன்னு கூகுள் ஃபார்மும் வேண்டாம், எதிர்ல அண்ணா அக்கா நின்னா எல்லாப் பிள்ளையும் 5 தான் போடும். கூடவே நாலு பொம்மை, ஒரு பந்து வச்சுட்டு நீங்க எழுந்து போயிடுங்க. அரை மணி நேரம் கழிச்சு வந்து, சார்ட் பேப்பர் யார் கையில இருக்குன்னு பாருங்க.