ஆடு புலி ஆட்டம்

ஆடு புலி ஆட்டம் என்பது இருவர் ஆடும் தமிழர் மரபு விளையாட்டு. இதில் தாயக்கட்டை கிடையாது. வெற்றி முழுக்க யோசனையைப் பொறுத்தது.

விதிகள்: முக்கோண வடிவக் கட்டத்தில் கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள் உண்டு. ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடித்த பின்னரே நகர்த்தலாம். பக்கத்து ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அடுத்த காலிப் புள்ளியில் அமர்ந்தால் புலி அதை வெட்டியதாகும். புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

ஆடும் உத்தி: தனித்து நிற்கும் ஆடு வெட்டுப்படும்; பின்னால் துணை நிற்கும் ஆடு தப்பும். ஆகவே ஆடுகளை ஓரத்திலிருந்து சேர்த்து வைக்க வேண்டும்.

பிற வடிவம்: நேபாளத்தின் பாக் சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள், 5 ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. தமிழகத்தில் இந்த எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். எனவே ஆடத் தொடங்கும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.