ஜெராக்ஸ் என்னும் ரேகை

விடியுமுன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப்பெண்களை அள்ளிக்கொண்டு போகிற ஜீப்புகள். இதுவரை எத்தனை பேருக்கு ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருப்பீர்கள் என்று அவர்களில் ஒரு அக்காவிடம் கேட்டேன். “யாரு தம்பி கணக்கு வச்சா? தோட்டத்துல கேட்டாக, குழு லோனுக்குக் கேட்டாக. குடுக்கலேன்னா வேலை ஆகுமா?”

கேட்பவன் யார், கொடுப்பவர் யார், மறுத்தால் இழப்பு யாருக்கு என்ற மூன்றும் இந்தப் பதிலுக்குள் இருக்கின்றன. ‘அந்தரங்கம்’ என்றதும் படித்தவர்களின் படுக்கையறை விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ‘மறைக்க என்ன இருக்கு, குடுத்தா என்ன?’ என்பது பொதுப்புத்தியின் கேள்வி. ஆனால் பிரச்சினை மறைப்பது பற்றியதே அல்ல. என்னைக் குறித்த தாள் யாரிடம் இருக்கிறது, எதற்காக இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்க எனக்கு வாயிருக்கிறதா என்பது பற்றியது.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர் மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ரேகை பதிய வேண்டும். இரவில் ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். அன்றைய ரேகையும் இன்றைய ஜெராக்ஸும் ஒன்றல்ல. அது ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கியது. இது அனைவரையும் ‘பயனாளி’ என்கிறது. ஆனால் உடலிலிருந்து அடையாளத்தைப் பிரித்தெடுத்து, அதிகாரத்தின் அலமாரியில் அடுக்குகிற செயல் தொடர்கிறது. அன்று துப்பாக்கி தேவைப்பட்டது. இன்று ஜெராக்ஸுக்கான காசையும் நாமே கொடுக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. 2019 திருத்தம் வங்கி, தொலைபேசி நிறுவனங்களுக்கு, ஆளின் விருப்பத்தின் பேரில் என்று சொல்லி, மீண்டும் கதவைத் திறந்தது. ஆதார் எண்ணைச் சேகரிக்கிற எவரும் எதற்காக என்று சொல்ல வேண்டும், கட்டாயமா விருப்பமா என்று சொல்ல வேண்டும், மாற்று உண்டா என்று சொல்ல வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு விதிமுறைகள். சொன்னவரை நீங்கள் பார்த்ததுண்டா?

2022 மே மாதக் கடைசியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள், உரிமம் இல்லாத ஓட்டல்களும் திரையரங்குகளும் நகல் வாங்கக்கூடாது என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. மே 29ஆம் தேதி, தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அது திரும்பப் பெறப்பட்டது. உண்மை வாய்தவறி வெளிவந்துவிட்டது எனலாம்.

2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதற்கு 18 மாதம் கழித்தே அமலாகும் என்று வகுத்தார்கள். தகவல் கேட்பவர் தரும் அறிவிப்பைத் தமிழிலும் பெறலாம். ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். நல்லதுதான். ஆனால் அச்சட்டம் கணினிக்குள் போன தரவுக்கே பொருந்தும். கணக்குப்பிள்ளையின் மரப்பெட்டிக்குள் கிடக்கிற காகித ஜெராக்ஸ் அதன் கண்ணில் படாது. மலைமேல் வேலைசெய்பவரின் அடையாளமோ பெரும்பாலும் காகிதத்தில்தான் கிடக்கிறது.

ஆகவே மறைப்பு ஆதாரைக் கொடுப்பது, நகலின் மேல் ‘இன்ன காரியத்துக்கு, இன்ன தேதி’ என்று குறுக்கே எழுதிக் கொடுப்பது போன்றவை தேவைதான். ஆனால் தனி ஆளாய் நின்று இதைச் செய்யச் சொல்வது அந்த அக்காவின் கூலிக்கு உலை வைப்பதாகவே முடியும். கூலி உயர்வு கேட்கிற சங்கம், வாங்கிய நகல்களின் கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எதற்கு வாங்கினீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள், எப்போது கிழிப்பீர்கள் என்று கேட்க வேண்டும்.

ரேகை வைக்க மறுத்தவர்களும் தனித்தனியாக மறுக்கவில்லை.