'கோத்': கறுப்பு உடை, கண் நிறைய மை... 60 வயதிலும் விடாத காதல்!

2022-ல் நெட்ஃபிளிக்ஸில் 'வெட்னஸ்டே' தொடர் வந்தபோது ஒரு டான்ஸ் ரீல்ஸ் உலகத்தையே சுற்றி வந்தது, ஞாபகம் இருக்கா? இரட்டைப் பின்னல், கறுப்பு கவுன், இமைக்காத பார்வை, கை கால்களை வெட்டி வெட்டி ஆடும் ஒரு பெண். ரீல்ஸில் நீங்கள் கேட்டது லேடி காகாவின் பாட்டு. ஆனால், தொடரில் அந்தக் காட்சிக்கு ஒலித்தது 'தி கிராம்ப்ஸ்' என்ற அமெரிக்க பேண்டின் 1981-ம் ஆண்டுப் பாட்டு. அந்த ஆட்டத்துக்காக, 1980-களில் கிளப்களில் ஆடிய 'கோத்' இளைஞர்களின் பழைய வீடியோக்களைப் பார்த்ததாக நடிகை ஜென்னா ஒர்டேகாவே சொல்லியிருக்கிறார்.

அப்படி ஆடிய தலைமுறைக்கு இப்போது வயது 60-ஐத் தொடுகிறது. அதில் பலர் இன்னமும் அதே கறுப்பு உடை, அதே கண் மை, அதே பாட்டு என்றுதான் இருக்கிறார்கள். 'காலேஜ் முடிஞ்சா சரியாகிடும்' என்று வீட்டில் சொல்லும் வயசுக் கோளாறு, தலை நரைத்த பிறகும் போகவில்லை. அப்படி அந்த இருட்டுக்குள்ளே என்னதான் இருக்கு? வாங்க, கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

திட்டு, பெயரான கதை

'கோத்' என்பது முதலில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். கி.பி. 410-ல் ரோம் நகரைச் சூறையாடிய ஜெர்மானியர்கள் இவர்கள்தான். பல நூற்றாண்டுகள் கழித்து, மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்கள், தங்களுக்குப் பிடிக்காத பழைய தேவாலயக் கட்டடங்களை 'கோத் பாணி' என்று மட்டம் தட்டினார்கள். கூரிய வளைவுகள், வானத்தைக் குத்தும் கோபுரங்கள் எல்லாம் அவர்களுக்குக் காட்டுமிராண்டித்தனமாகத் தெரிந்தன. அந்தத் திட்டே பின்னாளில் கட்டடக் கலையின் பெயராக நின்றுவிட்டது.

1764-ல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், ஒரு பழைய கோட்டையை வைத்து ஒரு திகில் கதை வெளியிட்டார். அடுத்த பதிப்பில் 'கோதிக் கதை' என்று அதற்குத் துணைத் தலைப்பும் கொடுத்தார். பிறகு 1818-ல் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' எல்லாம் வரிசையாக வந்தன. இடிந்த கோட்டை, நிலா, கல்லறை, தனிமை... இதெல்லாம் சேர்ந்தால் 'கோதிக்' என்று ஆகிப்போனது. அந்தச் சொல்தான் 1970-களின் கடைசியில் ஒரு இசைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

கத்தி முடித்த பிறகு...

1976-77 பிரிட்டன். வேலையில்லை, விலைவாசி எகிறுகிறது, எங்கும் சலிப்பு. இளைஞர்கள் கிட்டாரில் நாலு கார்டு கற்றுக்கொண்டு கோபத்தைக் கத்திப் பாடினார்கள். அதுதான் பங்க். சரி, எத்தனை நாளைக்குத்தான் கத்த முடியும்? கத்தி முடித்த பிறகு உள்ளே ஒரு வெறுமை வருமே, அதை என்ன செய்வது? அந்த வெறுமையைப் பாட ஆரம்பித்தவர்களிடமிருந்துதான் கோத் பிறந்தது.

1976 செப்டம்பரில் லண்டனின் '100 கிளப்' பங்க் விழாவில் முதல்முறை மேடையேறியவர் சூசி சூ. அவருடைய 'சூசி அண்ட் தி பான்ஷீஸ்' பேண்ட், சில ஆண்டுகளில் பங்க்கிலிருந்து விலகி, மர்மமான ஓர் உலகத்துக்குப் போனது. மான்செஸ்டரில் 'ஜாய் டிவிஷன்' 1979-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அது முழு கோத் இல்லை. ஆனால், அந்தக் குளிர்ந்த சத்தம் பின்னால் வந்த எல்லோரையும் தொட்டது.

அதே 1979 ஆகஸ்ட்டில், நார்த்தாம்ப்டன் நகரத்து நான்கு இளைஞர்களின் 'பாஹாஸ்' பேண்ட் தன் முதல் பாட்டை வெளியிட்டது. 'பெலா லுகோசிஸ் டெட்' என்று பெயர். ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும். பாடகரின் குரலே சில நிமிடங்கள் கழித்துதான் வரும். பெலா லுகோசி யார் தெரியுமா? 1931 'டிராகுலா' படத்தில் டிராகுலாவாக நடித்தவர். 1956-ல் இறந்தபோது அந்த வேஷத்தின் அங்கியோடு புதைக்கப்பட்டவர்! கோத் இசையின் முதல் பாட்டு எது என்று கேட்டால், பெரும்பாலான ரசிகர்கள் கைகாட்டுவது இதைத்தான்.

எப்படிக் கேட்கணும்?

ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். மற்ற ராக் பாட்டுகளில் பின்னால் நிற்கும் பேஸ், இங்கே முன்னால் வந்து மெட்டையே தூக்கிச் செல்லும். கிட்டார் ஓங்கி அடிக்காது. காலி மண்டபத்தில் தண்ணீர் சொட்டுவதுபோல எதிரொலியோடு சிதறும். டிரம்ஸில் பளீர் என்ற சத்தம் குறைவு. கனமான தாளம் உருண்டுகொண்டே இருக்கும். அதன் மேல், அவசரமே இல்லாத ஓர் ஆழமான குரல்.

லீட்ஸ் நகரத்து 'தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' பேண்டில் டிரம்மரே கிடையாது. ஒரு டிரம் மெஷினுக்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயர் வைத்து, அதையும் ஓர் உறுப்பினர்போலவே நடத்துகிறார்கள். இன்னொரு கூத்து, 'நாங்க கோத் இல்லை' என்று அழுத்திச் சொல்பவர்களும் இதே ஆட்கள்தான். சூசி சூவுக்கும், 'தி க்யூர்' பேண்டின் ராபர்ட் ஸ்மித்துக்கும்கூட அந்த முத்திரை பிடிக்காது. ரசிகர்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை!

அந்த லுக்... எங்கிருந்து வந்தது?

1982 ஜூலையில் லண்டனின் சோஹோ பகுதியில் 'பேட்கேவ்' என்ற கிளப் ஆரம்பித்தது. வவ்வால் குகை என்று அர்த்தம். கலைத்து மேலே தூக்கி ஹேர் ஸ்பிரே அடித்த முடி, வெளுத்த முகம், வலைபோன்ற சாக்ஸ், கறுப்பு லிப்ஸ்டிக்... இதெல்லாம் ஓர் அடையாளமாகத் திரண்ட இடங்களில் இதுவும் ஒன்று. ஆண்களும் தயங்காமல் மை தீட்டிக்கொண்டார்கள். கடையில் ரெடிமேடாக எதுவும் கிடைக்காது. பழைய துணியை வாங்கி, கிழித்து, சாயம் போட்டு, ஊக்கு குத்தித் தாங்களே செய்துகொண்டார்கள்.

கறுப்புக்கு இன்னொரு வேர் விக்டோரியா மகாராணியிடம் இருக்கிறது. 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு, 1901-ல் தான் இறக்கும்வரை சுமார் 40 ஆண்டுகள் அவர் துக்கத்தின் கறுப்பைக் கழற்றவே இல்லை. துக்க காலத்தில் அணிய 'ஜெட்' என்ற கறுப்பு நகை ஃபேஷனானது. டைனோசர் காலத்து மரம் மண்ணில் புதைந்து இறுகி உருவாகும் பொருள் அது. அதற்குப் பெயர்போன ஊர், இங்கிலாந்தின் கடலோர நகரமான விட்பி. டிராகுலா நாவலில் அந்த ரத்தக்காட்டேரி கப்பலில் வந்து இறங்குவதும் இதே விட்பியில்தான். அப்புறம் என்ன? 1994-லிருந்து உலகெங்கும் உள்ள கோத்கள் கூடும் விழாவும் அங்கேயே நடக்க ஆரம்பித்தது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் 1992-ல் தொடங்கிய 'வேவ்-கோதிக்-டிரெஃபென்' இன்னும் பெரிசு. ஆண்டுதோறும் சுமார் 20,000 பேர் வருகிறார்கள். விக்டோரியா கால உடையில், குடையும் பூக்கூடையுமாகப் பூங்காவில் உட்கார்ந்து பிக்னிக் சாப்பிடும் கூட்டத்தைப் பார்த்தால் 'பேய்' என்று யாருக்கும் சொல்லத் தோன்றாது.

ஏன் விட்டுப் போகலை?

பால் ஹாட்கின்சன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், கோத்களைப் பற்றி 2002-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவரே அந்தக் கூட்டத்தில் ஒருவர். வயதான கோத்களைப் பற்றிப் பின்னாளில் தனியாக ஆய்வும் செய்தார். அவர் காட்டும் படம் சுவாரஸ்யமானது. இவர்கள் மாறாமல் உறைந்து போகவில்லை. வேலை வந்தது, குழந்தை வந்தது, முடி கொட்டியது. முகத்தில் வெள்ளை பூசுவது குறைந்தது. உடை கொஞ்சம் அடக்கமானது. ஆனால், கூட்டம் கலையவில்லை. எல்லோரும் சேர்ந்தே வயதானார்கள். கூடவே விழாக்களும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி மாறின. அலுவலகத்துக்கும் கறுப்பிலேயே நேர்த்தியாகப் போகிறவர்களுக்கு 'கார்ப்பரேட் கோத்' என்று ஒரு செல்லப் பெயரே இருக்கிறது.

ராபர்ட் ஸ்மித்தைப் பாருங்கள். 1959-ல் பிறந்தவர். கலைந்த முடி, அப்பிய லிப்ஸ்டிக்கோடுதான் இன்னமும் மேடையேறுகிறார். 2024 நவம்பரில், 16 ஆண்டுகள் கழித்து 'தி க்யூர்' புது ஆல்பம் வெளியிட்டது. முதுமையையும் நெருங்கியவர்களின் இழப்பையும் பற்றிய பாட்டுகள். பிரிட்டனில் நேராக முதல் இடம்! 20 வயதில் சாவைப் பற்றிப் பாடுவது கற்பனை. 65 வயதில் அது அனுபவம். வயதாக ஆக இந்த இசை பொருந்திக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். 'சிரி, எல்லாம் சரியாகிடும்' என்று சொல்லாமல், சோகத்தை மறைக்காமல் உட்கார ஓர் இடம் கொடுக்கிறது. அந்த இடம் 16 வயதிலும் தேவை, 60 வயதிலும் தேவை.

சோகப் பாட்டு கேட்டா மனச்சோர்வு வருமா?

பெற்றோரின் பெரிய பயம் இது. 2015-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரிஸ்டல் பகுதியின் 3,694 இளைஞர்களை வைத்து நடந்தது. 15 வயதில் 'நான் பக்கா கோத்' என்று சொன்னவர்களுக்கு, 'சுத்தமா இல்லை' என்றவர்களைவிட 18 வயதில் மனச்சோர்வு இருக்க மூன்று மடங்கு வாய்ப்பு இருந்தது.

பயமாக இருக்கா? ஆய்வாளர்கள் சொன்ன அடுத்த விஷயத்தையும் கேளுங்கள். கோத்தாக இருப்பதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே உள்ளுக்குள் தவிக்கும் பிள்ளைகள், தங்களைப் புரிந்துகொள்ளும் கூட்டத்தைத் தேடி அங்கே போயிருக்கலாம். எனவே, கறுப்புச் சட்டையைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவதால் எதுவும் தீராது. போட்டவரிடம் உட்கார்ந்து பேசுவதுதான் உதவும். உங்களுக்கோ நண்பருக்கோ மனசு கனமாக இருந்தால், 24 மணி நேரமும் இயங்கும் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ அழைக்கலாம்.

சோஃபியின் கதை

கறுப்பு உடைக்கு ஒருத்தி உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறாள். 2007 ஆகஸ்ட். இங்கிலாந்தின் பேக்கப் என்ற சிறு நகரம். சோஃபி லங்காஸ்டர், வயது 20. காதலன் ராபர்ட்டோடு ஒரு பூங்கா வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். இருவருமே கோத் உடையில். பதின்வயதுப் பையன்கள் சிலர் ராபர்ட்டை அடித்துக் கீழே தள்ளினார்கள். சோஃபி அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அடிக்காதீர்கள் என்று கெஞ்சினாள். அவளையும் மிதித்தார்கள். ராபர்ட் பிழைத்தான். சோஃபி கோமாவிலிருந்து மீளவே இல்லை.

அவர்கள் எந்தத் தகராறும் செய்யவில்லை. பார்க்க வேறு மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான். இது ஒரு வெறுப்புக் குற்றம் என்று தண்டனை கொடுத்த நீதிபதியே சொன்னார். சோஃபியின் அம்மா சில்வியா, மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பள்ளி பள்ளியாகப் போய் மாணவர்களிடம் பேசினார். 2013-ல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, கோத் போன்ற துணைக் கலாசாரத்தினர் மீதான தாக்குதலையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் காவல்துறை அதுதான். 'பிளட்ஸ்டாக்' இசை விழாவில் ஒரு மேடைக்கே சோஃபியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கேட்கத் தொடங்க நாலு ஆல்பம்

பாஹாஸ் - 'இன் தி ஃபிளாட் ஃபீல்ட்' (1980). சூசி அண்ட் தி பான்ஷீஸ் - 'ஜூஜூ' (1981). தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி - 'ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் அண்ட் ஆல்வேஸ்' (1985). தி க்யூர் - 'டிஸ்இன்டக்ரேஷன்' (1989). புதுசாகக் கேட்பவர்கள் கடைசியிலிருந்து ஆரம்பிப்பது சுலபம்.

டிரெஸ்ஸுக்குச் செலவே வேண்டாம். ஒரு பழைய கறுப்புச் சட்டை, ஒரு கண் மை போதும். இந்த ஸ்டைல் ஆரம்பித்ததும் அப்படித்தான். 'எனக்கு இதெல்லாம் செட்டாகாது' என்கிறீர்களா? அதுவும் ஓகே. ஆனால், அடுத்த தடவை தலை முதல் கால்வரை கறுப்பில் ஒருவர் ஹெட்போனோடு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால், முறைக்காதீர்கள். 'என்ன பாட்டு கேட்கிறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது நிமிடத்துக்குக் குறையாமல் பேசுவார்!