பிடாடாரியில் பேயா? நேரில் போய்ப் பார்த்தோம்!

"அண்ணே, உட்லீ ஸ்டேஷன்ல மட்டும் நான் இறங்க மாட்டேன். அங்க பேய் இருக்குதாம்!"

சென்ற மாதம் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் வந்திருந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் சொன்ன வார்த்தை இது. ஃபேரர் பார்க்கில் பெருமாள் கோயில் வேண்டுதலை முடித்துவிட்டு, பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய தங்கை வீடு உட்லீயில். ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம்தான். ஆனாலும் பஸ்ஸில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

சிரித்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. காரணம், அவருடைய தோட்டத்திலும் இதே கதை நடக்கிறது. பழைய இடுகாட்டை ஒட்டிய நிரைகளில் விடியற்காலை இருட்டில் பச்சை வெளிச்சம் தெரிகிறதாம். பெண்கள் அந்தப் பக்கம் போகப் பயப்படுகிறார்கள். பொழுது நன்றாக விடிந்த பிறகே மரம் வெட்டுகிறார்கள். வெயில் ஏற ஏறப் பால் குறையும். பால் குறைந்தால் தண்டல் அரைப் பேர் போட்டுவிடுகிறார். ஆக, பேய் அடிப்பது தொழிலாளியின் சம்பளத்தை!

"வாங்க, போய்ப் பார்த்துடுவோம்" என்று இரவு பத்து மணிக்கு அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு ரயில் ஏறினோம்.

எட்டு வருஷம் பூட்டிக் கிடந்த நிலையம்

உட்லீ பக்கம் பிடாடாரி இடுகாடு இருந்தது உண்மை. 1908 முதல் 1972 வரை அங்கே அடக்கம் நடந்தது. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, சிங்களவர் எல்லாருக்கும் இடமிருந்தது. பிடாடாரி என்றால் மலாயில் தேவதை. நம்முடைய வித்யாதரிதான் அப்படி மருவியிருக்கிறாள்.

நிலம் வீடுகளுக்குத் தேவைப்பட்டது. 2001 முதல் 2006 வரை கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். கிறிஸ்தவர் கல்லறைகள் சுமார் 58,000. முஸ்லிம் கல்லறைகள் சுமார் 68,000.

இதற்கிடையில் 2003 ஜூன் 20-ல் வடகிழக்கு ரயில் பாதை ஓடத் தொடங்கியது. உட்லீ நிலையம் கட்டி முடித்திருந்தும் திறக்கவில்லை. ரயில் நிற்காமல் ஓடியது. போதாதா? பேய்க்குப் பயந்துதான் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஊர் பேசியது. உண்மைக் காரணம் வேறு. சுற்று வட்டாரத்தில் அப்போது போதுமான குடியிருப்பு இல்லை. ஆளில்லாத நிலையத்தை நடத்தினால் நட்டம்தானே! 2011 ஜூன் 20-ல் திறந்துவிட்டார்கள். பிறகு அந்த வட்டாரத்தில் சுமார் 10,000 வீடுகளுக்குத் திட்டம் போட்டுக் கட்டத் தொடங்கினார்கள்.

அன்றிரவு நாம் கண்டது என்ன? வேலை முடிந்து கொட்டாவி விட்டபடி வந்த இளைஞர்கள், காய்கறிப் பையோடு ஒரு சீனப் பாட்டி, தரை துடைக்கும் தொழிலாளி ஒருவர். "ராத்திரி வேலைதான் பேய் மாதிரி புடிச்சு ஆட்டுது" என்றார் அவர். நம் நண்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தோட்டத்துப் பச்சை வெளிச்சம்?

அதற்கும் விளக்கம் இருக்கிறது. ஈரத்தில் மட்கிய மரக்கட்டையில் முளைக்கும் சிலவகைக் காளான்கள் இருட்டில் தாமாகவே பச்சையாக ஒளிரும். நம் நாட்டுக் காடுகளில் இது புதுமையல்ல. யாரும் வெட்டித் துப்புரவு செய்யாத இடுகாட்டில் மட்கிய கட்டைக்கா பஞ்சம்?

இதைச் சொன்னதும் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "எங்கப்பாவ அங்கதாண்ணே பொதச்சோம். பேரு எழுதி வச்ச பலகைய கறையான் அரிச்சிருச்சு. இப்ப எது அவரு குழின்னே தெரியல. தோட்டத்த விக்கப் போறாங்கன்னு வேற பேச்சு அடிபடுது."

பெற்ற தகப்பன் படுத்திருக்கும் இடத்துக்கா பயந்தோம், தோழர்களே?

பிடாடாரியில் பேர் பெற்ற சிலருடைய கல்லறைக் கற்களை நினைவுத் தோட்டத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள். சயாம் ரயில் பாதையில் மாண்ட போர்க் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனாபுரி மயானத்தில் இடமிருக்கிறது. பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர் பொறித்த அடையாளமும் இருக்கிறது. அதே பாதை போட 1942, 43-ல் நம் தோட்டங்களிலிருந்து போய் மடிந்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு ஆளுக்கொரு கல் இல்லை. பேர்ப் பட்டியலும் முழுதாக இல்லை. நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். நாளை தோட்டம் கைமாறி மண்வாரி இயந்திரம் வந்து நின்றால், "இங்கே எங்கள் ஆள் இருக்கிறார்" என்று காட்ட நம் கையில் என்ன இருக்கிறது?

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு ஒருவராவது கத்தியோடு புறப்படுங்கள். புதரை வெட்டி, மட்கிய கட்டைகளை அப்புறப்படுத்துங்கள். பச்சை வெளிச்சமும் கட்டையோடு போய்விடும். வயதான பாட்டி, தாத்தாக்களைக் கூட்டிப்போய்க் குழிகளை அடையாளம் கேளுங்கள். பெயர், இறந்த வருஷம், உறவினர் யார் என்று பள்ளிப் பிள்ளைகளை விட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பிரதி கோயிலில் இருக்கட்டும். இன்னொன்று சங்கத்துக்கு வரட்டும்.

அரைப் பேர் விஷயத்தைச் சங்கம் நிர்வாகத்திடம் பேசும். இருட்டு நிரைகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போகவும், நல்ல விளக்குக் கொடுக்கவும் கேட்போம்.

நண்பர் ஊர் திரும்பிவிட்டார். முதல் வேலையாக அப்பாவின் குழியைத் தேடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். இந்த முறை ரயிலில்தான் போனார்.